222-ஆம் நம்பர் ஆகாயப் படைக் குரூப்பின் சரித்திரமும், அதனால் கிராமத்தார் அறியவேண்டியதும்

(சேர்வராயன் மலையைச் சேர்ந்த வாழவந்தி கிராமத்தில், கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் கூட்டத்தில், கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்.)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களுட் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். கூட்டுறவு இலாகாவைச் சேர்ந்தவன் பங்குத் தொகை, கடன், தவணை, தணிக்கை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். யுத்த காலத்து ஆகாயப் படை ஒன்றின் சரித்திரத்துக்கும், காப்பியும் மிளகும் விளைவிக்கும் இந்த மலைக் கிராமத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயமே. அந்தச் சம்பந்தத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பரண் காவலைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாமையும் ராகியும் முற்றும் காலத்தில் காட்டுப் பன்றி இறங்கும். பரண்மேல் இருப்பவனிடம் பெரிய ஆயுதம் ஒன்றும் இராது. அவனுடைய கண்ணும் குரலுமே அவனுக்கு ஆயுதம். அவன் கண்ணயர்ந்தால் வெள்ளாமை போயிற்று. அவன் விழித்திருந்து குரல் கொடுத்தும், கேட்டவர்கள் எழுந்து வராவிட்டால் அப்போதும் வெள்ளாமை போயிற்று. பன்றி வராதபோதே ஒருவன் வந்துவிட்டதாகக் கூவி, ஊரார் இருட்டில் ஓடி விழுந்து கை கால் முறித்துக்கொண்டால், அது மூன்றாவது கேடு. காண்பவன், கேட்பவன், பொய்க் குரல் என்னும் இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் சரித்திரம் முழுவதும் இவற்றுள் அடங்கும்.

குரூப் என்பது யாது?

ஆகாயப் படையில் விமானங்களும், அவற்றை ஓட்டுபவர்களும், பழுது பார்ப்பவர்களும் சேர்ந்த கூட்டத்துக்கு ஸ்குவாட்ரன் என்று பெயர். பல ஸ்குவாட்ரன்களை ஒரு தலைமையின்கீழ் வைத்து நடத்துவது குரூப். உங்களுக்குத் தெரிந்த முறையில் சொன்னால், ஸ்குவாட்ரன் கிராமச் சங்கம் போன்றது. குரூப் ஜில்லா மத்திய பாங்கி போன்றது. தனித்தனியே நிற்கும் சங்கங்களின் பலம் சிறிது. அவற்றின் கணக்கும் செய்தியும் ஓரிடத்தில் வந்து சேரும்போதுதான், எங்கே குறை, எங்கே மிச்சம், எங்கே உதவி அனுப்பலாம் என்பது தெரியவரும்.

பிரிட்டிஷ் ஆகாயப் படையின் 222-ஆம் நம்பர் குரூப் 1941-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அமைந்தது. இலங்கையில் கொழும்பு நகரம் அதன் தலைமையிடம். அக்காலத்தில் அதற்கு இருந்த விமானங்கள் மிகச் சில. காக்கவேண்டிய கடலோ மிகப் பெரிது. 1941 டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு 8-ஆம் தேதி ரங்கூன் வீழ்ந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி அந்தமான் தீவுகளும் ஜப்பானியர் வசமாயின. மலேயாவிலும் பர்மாவிலும் பிழைக்கச் சென்றிருந்த லட்சக்கணக்கான தமிழர்களுடைய குடும்பங்கள் செய்தியின்றித் தவித்த காலம் அது. வங்காள விரிகுடாவின் கிழக்குக் கரையின் பெரும் பகுதி எதிரியின் கையிற் போனபின், மேற்குக் கரையாகிய நம்முடைய கரையும், இலங்கையுமே எஞ்சி நின்றன. அந்தச் சமயத்தில் ஏர்-வைஸ்-மார்ஷல் ஜான் டால்பியாக் என்பவர் குரூப்பின் தலைவராகப் பொறுப்பேற்றார்.

கடல்மேற் பறக்கும் பரண்

இந்தக் குரூப்பின் முக்கியமான சாதனம் கட்டலினா என்னும் பறக்கும் படகு. அமெரிக்க தேசத்தில் செய்யப்பட்டது. இரண்டு எஞ்சின்கள் உடையது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 104 அடி நீளம். அடிப்பாகம் படகு போலிருப்பதால் ஏரியிலும் காயலிலும் இறங்கும், எழும்பும். அதன் உடல் அலுமினியத் தகட்டினால் ஆனது. அலுமினியம் எதிலிருந்து வருகிறது என்பதை இம்மலையிலுள்ளவர்கள் அறிவார்கள். நம் சேர்வராயன் மலையில் வெட்டி எடுத்த பாக்சைட் மண்ணைக் கொண்டு 1960-களிலிருந்து மேட்டூரில் அலுமினியம் எடுத்தார்கள். யுத்த காலத்தில் இம்மலை மண் விமானமாகவில்லை என்றாலும், அந்தப் பொருள் எத்தகையது என்பது உங்களுக்குப் புதிதன்று.

கட்டலினா வேகத்தில் மிகவும் குறைந்தது. மணிக்கு நூறு மைலுக்குச் சற்று மேலாகப் போய்க்கொண்டிருக்கும். சண்டை விமானம் ஒன்று எதிர்ப்பட்டால் தப்புவது அரிது. ஆனால் அதனிடம் ஒரு குணம் உண்டு: இருபது மணி நேரமானாலும் இறங்காமல் கடலின்மேல் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் எட்டு அல்லது ஒன்பது பேர் முறை வைத்து விழித்திருந்து, கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கண்டதைக் கம்பியில்லாத் தந்தி மூலம் தலைமையிடத்துக்கு அறிவிப்பார்கள். சண்டையிடுவதைவிடப் பார்ப்பதும் சொல்வதுமே அவர்களுடைய பிரதான வேலை.

1942 ஏப்ரல் 4

இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகே கொக்கலை என்னும் காயல் இருக்கிறது. அங்கே கானடா தேசத்து ஆகாயப் படையின் 413-ஆம் ஸ்குவாட்ரன் 1942 மார்ச்சு மாத இறுதியில் வந்து சேரத் தொடங்கியது. ஸ்குவாட்ரன் லீடர் லியனார்டு பர்ச்சல் என்பவர் ஏப்ரல் 2-ஆம் தேதி வந்தார். இரண்டே நாளில் அவருக்கு ரோந்து முறை வந்தது. 4-ஆம் தேதி விடியுமுன் ஒன்பது பேர் கொண்ட அவருடைய கட்டலினா கொக்கலையிலிருந்து கிளம்பியது.

பகல் முழுவதும் அவர்கள் வெறுங் கடலையே பார்த்தார்கள். ரோந்து முடிந்து திரும்பும் வேளையில், தொலைவில் சில புள்ளிகள் தெரிந்தன. அப்போது அவர்கள் இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 350 மைல் தூரத்தில் இருந்தார்கள். அருகே சென்று பார்த்தபோது, அது அட்மிரல் நகுமோவின் ஜப்பானியக் கப்பற்படை என்பது தெளிவாயிற்று. நான்கு மாதங்களுக்கு முன் அமெரிக்காவின் முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய அதே தளபதியின் படை. அதில் ஐந்து விமானந் தாங்கிக் கப்பல்களும் நான்கு பெரிய போர்க் கப்பல்களும் இருந்தன.

அருகே போனால் திரும்புவது துர்லபம் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. ஆயினும், "ஏதோ கப்பல்கள் தெரிகின்றன" என்று சொல்வது செய்தி ஆகாது. எத்தனை கப்பல்கள், எவ்வகையானவை, எந்த இடம், எந்தத் திசை நோக்கிப் போகின்றன என்று சொன்னால்தான் அது செய்தி. ஆகவே நெருங்கிச் சென்று எண்ணினார்கள். ஜப்பானியச் சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டன. செய்தியை மூன்று முறை அனுப்பவேண்டும் என்பது விதி. மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கையில் குண்டு பட்டுத் தந்திக் கருவி சிதைந்தது. விமானம் தீப்பற்றிக் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். ஆறு பேரை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று எடுத்துக் கைதிகளாகக் கொண்டுபோயிற்று. அவர்கள் கொடுத்த செய்தி கொழும்பு போய்ச் சேர்ந்தது என்பதை அவர்கள் அப்போது அறியார்கள்.

கேட்டவர்கள் செய்ததும் செய்யாததும்

செய்தி சேர்ந்த அன்றே கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பல வெளியே அனுப்பப்பட்டன. மறுநாள் ஏப்ரல் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணியளவில் சுமார் 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மேல் வந்தன. முத்துத் துறைமுகத்திற் போல ஒரு பெரிய கப்பற்படை தூக்கத்தில் அகப்படும் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது அகப்படவில்லை. துறைமுகத்துக் கப்பல்கள் பல முன்னரே வெளியேறியிருந்தது, ஒரு விமானத்தின் செய்தியால் விளைந்த நன்மை.

ஆனால் சரித்திரம் சொல்பவன் நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தலாகாது. எதிரி வருகிறான் என்று முந்தின நாளே தெரிந்திருந்தும், எதிரியின் விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோது, ரத்மலானை விமான நிலையத்துச் சண்டை விமானங்கள் தரையிலேயே நின்றுகொண்டிருந்தன. கடைசி நிமிஷத்து எச்சரிக்கை அவற்றுக்கு எட்டவில்லை. எதிரி மேலே வட்டமிடும்போதே அவை ஓடி எழும்ப வேண்டியிருந்தது. அதனால் பலர் வீணாக உயிர் துறந்தனர். துறைமுகத்தில் எஞ்சியிருந்த 'டெனிடோஸ்' என்னும் நாசகாரியும், 'ஹெக்டர்' என்னும் ஆயுதந் தரித்த வணிகக் கப்பலும் நாசமாயின. நகரத்து ஜனங்களும் பலர் மாண்டார்கள். அன்று பிற்பகல் நடுக்கடலில் 'டார்செட்ஷயர்', 'கார்ன்வால்' என்னும் இரண்டு பெரிய குரூஸர் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் மடிந்தனர். 1,100 பேருக்கு மேல் ஒரு நாளுக்கு அதிகமாக வெயிலிலும் எண்ணெய் படிந்த நீரிலும் மிதந்து, மறுநாள் மாலையில் காப்பாற்றப்பட்டார்கள்.

நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 9-ஆம் தேதி, திருகோணமலை தாக்கப்பட்டது. அன்று 413-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த இன்னொரு கட்டலினா எதிரியைத் தேடிச் சென்றது. அதிலிருந்த ஒருவரும் திரும்பவில்லை. ஆனால் திருகோணமலையில் ரேடார் என்னும் மின்னலைக் கருவி எதிரியின் வரவை முன்னரே காட்டியது. சீனன்குடா நிலையத்துச் சண்டை விமானங்கள் முன்கூட்டியே மேலே எழும்பி நின்றன. சேதம் அன்றும் அதிகமே. துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டிருந்த 'ஹெர்மீஸ்' என்னும் விமானந் தாங்கிக் கப்பல், தன்னிடம் விமானங்கள் இல்லாத நிலையில் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது. 307 பேர் மாண்டனர். ஆயினும், விழித்து நின்று போரிட்டதற்கும் தரையில் அகப்பட்டதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நான்கு நாட்களில் குரூப் கற்றுக்கொண்டது. செய்தி வந்து சேர்வது பாதி வேலை. வந்த செய்தி, அதைக்கொண்டு காரியம் செய்யவேண்டியவனிடம் கடைசி வரை போய்ச் சேருவது மறு பாதி.

பொய்க் குரலால் வந்த கேடு

இதே நாட்களில் நம் சென்னை மாகாணத்தில் நடந்ததையும் பாருங்கள். ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. வங்காள விரிகுடாவில் அந்த வாரத்தில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கின. இவை மெய்யான செய்திகள். ஆனால் இவற்றின் பின்னே, ஜப்பானியப் படை சென்னைக் கரையில் இறங்கப் போகிறது என்ற பேச்சும் பரவியது. சர்க்காரும் அதை நம்பிற்று. நகரத்தைவிட்டு வெளியேறும்படி ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலையிலிருந்த சிங்கம், புலி முதலிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

சென்னைவாசிகள் கிடைத்த ரயிலிலும் வண்டியிலும் ஏறிச் சொந்த ஊர்களுக்கு ஓடினார்கள். வீட்டையும் பண்டத்தையும் வந்த விலைக்கு விற்றவர் உண்டு. வாங்கிப் போட்டவர்கள் பின்னர் செல்வந்தராயினர், விற்றவர்கள் ஏங்கினர். ஆனால் எந்தக் கப்பற்படையும் சென்னைக் கரைக்கு வரவில்லை. நகுமோவின் படை 9-ஆம் தேதிக்குப் பின் இந்து மகாசமுத்திரத்தை விட்டே போய்விட்டது.

பயந்ததற்காக அக்காலத்தவரை நான் குறை கூறவில்லை. விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்தபின் பயப்படாமலிருப்பது எளிதன்று. நான் கவனிக்கச் சொல்வது வேறு. கொக்கலையிலிருந்து போன ஒன்பது பேர், உறுதியாகத் தெரிந்துகொள்வதற்காக உயிரைக் கொடுத்து நெருங்கிச் சென்று எண்ணினார்கள். எண்ணிச் சொன்ன செய்தியால் கப்பல்கள் பிழைத்தன. ஒருவரும் சென்று பார்க்காத பேச்சினால் ஒரு நகரமே காலியாயிற்று.

மூன்று வருஷத்துப் பொறுமை

அந்த ஏப்ரலுக்குப் பிறகு 222-ஆம் நம்பர் குரூப் வேகமாக வளர்ந்தது. சென்னைக்கு வடக்கேயுள்ள செங்குன்றம் ஏரியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரி. 1942-ஆம் வருஷத்து நடுவிலிருந்து அதில் 240-ஆம் ஸ்குவாட்ரனின் கட்டலினாக்கள் இறங்கி ஏறின. மலேயாவிலும் ஜாவாவிலும் அடியோடு அழிந்த 36-ஆம் ஸ்குவாட்ரன், அதே வருஷம் அக்டோபரில் தஞ்சாவூரில் மறுபடியும் அமைக்கப்பட்டது. சோழவரம், பரங்கிமலை, உளுந்தூர்ப்பேட்டை முதலிய இடங்களிலும் விமானத் தளங்கள் இருந்தன. தென்னிந்தியத் தரைத் தளங்களின் நிர்வாகத்தைப் பெங்களூரிலிருந்த 225-ஆம் நம்பர் குரூப் கவனித்தது. பழுதான கட்டலினாக்கள் பெங்களூர் பெல்லந்தூர் ஏரியில் இறங்கி, அங்கிருந்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் செப்பனிடப்பட்டன. பின்னர் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வங்காள விரிகுடா வரை இந்து மகாசமுத்திரம் முழுவதிலும் ரோந்துப் பணியை இணைத்து நடத்தும் பொறுப்புக் கொழும்பிலிருந்த 222-ஆம் நம்பர் குரூப்பின் தலைமையிடத்துக்கே வந்தது. எந்த விமானம் எங்கே எதைக் கண்டாலும், அது கொழும்பில் ஒரு பெரிய வரைபடத்தில் வந்து பதிந்தது.

இத்தகைய பெரிய ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்த கிராமங்களை மறப்பது தர்மமன்று. கொக்கலையில் தளம் அமைக்கும்பொருட்டு, அவ்வூர்க் குடிகள் மிகக் குறுகிய தவணையில் வீடு வாசல்களை விட்டுப் போக நேர்ந்தது. சிங்கள இலக்கியத்தில் பெரும் புகழ் பெற்ற மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவருடைய பூர்வீக வீடு மாத்திரம் இடிபடாமல் தப்பி, இன்று பொருட்காட்சிசாலையாக நிற்கிறது. மற்ற வீடுகள் போயின. தேசம் காக்கும் காரியமானாலும், அதன் செலவில் ஒரு பங்கை எங்கோ ஒரு கிராமம் கட்டுகிறது என்பதைக் கணக்கிற் சேர்க்கவேண்டும்.

1943 முதல் எதிரி வேறு உருவில் வந்தான். பினாங்கிலிருந்து ஜெர்மானிய, ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் புறப்பட்டு வணிகக் கப்பல்களைத் தாக்கின. அரிசியும் எண்ணெயும் துணியும் வரும் வழி அது. இப்போது குரூப்பின் வேலை, ஒளிந்திருப்பவனைத் தேடுவது. நூறு முறை போனால் தொண்ணூற்றொன்பது முறை ஒன்றும் தெரியாது. தலைவலியும் கண்வலியும்தான் மிச்சம். ஆனாலும் "இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை பார்த்தோம், ஒன்றுமில்லை" என்று திரும்பி வந்து எழுதிக் கொடுக்கவேண்டும். அந்த "ஒன்றுமில்லை" என்பதும் செய்திதான். அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடலாம் என்பதை அது தெரிவிக்கிறது. பாராமலே "ஒன்றுமில்லை" என்று எழுதுபவனால் விளையும் கேட்டுக்கு அளவில்லை.

அவர்களால் எல்லாவற்றையும் காக்க முடியவில்லை என்பதும் உண்மை. 1944 பிப்ரவரி 12-ஆம் தேதி, மொம்பாஸாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்னும் கப்பலை ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. இரண்டே நிமிஷத்தில் கப்பல் மூழ்க, ஏறக்குறைய 1,300 உயிர்கள் போயின. அதே வருஷம் ஆகஸ்டு மாதம், யூ-198 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கியை விமானங்கள் கண்டு அறிவிக்க, ஸேஷெல்ஸ் தீவுகளுக்கு அருகே 12-ஆம் தேதி இரண்டு கப்பல்கள் அதை வளைத்து மூழ்கடித்தன. ஒன்று பிரிட்டிஷ் கப்பலாகிய 'ஃபைண்டார்ன்'. மற்றொன்று அக்காலத்து இந்தியக் கடற்படையின் 'கோதாவரி'. கண்டவர்கள் வேறு, முடித்தவர்கள் வேறு. செய்தி நடுவே அறுபடாமல் சென்றதால் காரியம் கைகூடிற்று.

யுத்தத்தின் கடைசிக் காலத்தில் லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் விமானங்கள் இக்குரூப்புக்குக் கிடைத்தன. 1945 மார்ச்சு மாதத்தில் 160-ஆம் ஸ்குவாட்ரனின் லிபரேட்டர்கள் இலங்கையின் மின்னேரியாவிலிருந்து புறப்பட்டுச் சிங்கப்பூர்த் துறைமுக வாயிலில் கண்ணிவெடிகளை இட்டுத் திரும்பின. போக வர மூவாயிரம் மைலுக்கு மேல்; இருபது மணிக்கு மேற்பட்ட பிரயாணம். யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையிலிருந்தும் லிபரேட்டர்கள் பறந்தன. 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. அக்டோபர் மாதத்தில் 222-ஆம் நம்பர் குரூப் என்னும் பெயர் நீங்கி, இலங்கை ஆகாயப் படைத் தலைமையிடம் என்று ஆயிற்று. நான்கு வருஷத்துச் சரித்திரம் அத்துடன் முடிந்தது. இப்பகுதியில் மாண்டு, கல்லறையும் இல்லாது போன விமானிகளின் பெயர்கள் சிங்கப்பூரில் கிராஞ்சியிலுள்ள ஞாபகச் சின்னத்திற் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

பர்ச்சலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யுத்தம் முடியும் வரை அவர் ஜப்பானியச் சிறையிலிருந்தார். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. நோயாளிக் கைதிகளை வேலைக்கு விரட்டுவதை எதிர்த்துப் பலமுறை அடிபட்டார். நடந்தவற்றையெல்லாம் ரகசியமாகக் குறிப்பெழுதிப் புதைத்து வைத்தார். யுத்தத்துக்குப்பின் நடந்த விசாரணைகளில் அந்தக் குறிப்புகள் சாட்சியமாயின. கடலின்மேல் கண்டதைக் கண்டபடி சொன்ன அதே குணம், சிறையிலும் அவரை விட்டு நீங்கவில்லை. 2004-ஆம் வருஷம் வரை அவர் வாழ்ந்தார். இலங்கையைக் காத்தவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

வாழவந்திக்கு இதனால் வரும் பயன்

இப்போது நம்முடைய காரியத்துக்கு வருவோம். நம் எதிரிகள் விமானத்தில் வருவதில்லை. காப்பிக் காயைத் துளைக்கும் வண்டு 1990-இல் நீலகிரி ஜில்லாவின் கூடலூர்ப் பகுதியில் முதன்முதலாக இந்தியாவிற் காணப்பட்டது. பின்னர் மற்றக் காப்பி மலைகளுக்கும் பரவியது. இத்தகைய பூச்சி ஒரு தோட்டத்தில் தோன்றும்போது, அதை முதலிற் காண்பவன் ஒரு சாதாரணக் குடியானவன்தான். "வெளியே சொன்னால் என் காப்பிக்கு விலை குறையும்" என்று அவன் மறைத்தால், அடுத்த பருவத்தில் ஊர்த் தோட்டங்கள் அனைத்தும் அவனுடைய தோட்டத்தைப் போலாகும். மழைக் காலத்தில் மலைச் சாலையில் மண் சரியத் தொடங்குவதையும், கோடையில் காட்டில் புகை எழுவதையும் முதலிற் காண்பவரும் நீங்களே. இந்தக் கண்கள் நம் ஊரின் கட்டலினா.

சங்கத்தின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். சங்கத்தில் நீங்கள் போடும் டிபாஸிட்டுப் பணம் இரும்புப் பெட்டியில் அப்படியே இருப்பதில்லை. அதன் பெரும் பகுதி உங்களுள் மற்றொருவருக்குக் கடனாகப் போய், உரமாகவும் மாடாகவும் கன்றாகவும் தோட்டத்தில் நிற்கிறது. அறுவடைக்குப்பின் திரும்பி வருகிறது. ஆகையால், "சங்கத்தில் பணம் இல்லையாம்" என்று ஒருவர் சந்தையிற் சொல்ல, அதைக் கேட்டு எல்லாரும் ஒரே நாளில் பணம் கேட்டு வந்து நின்றால், நன்றாக நடக்கும் சங்கமும் தள்ளாடும். 1942-இல் சென்னையை விட்டு ஓடியவர்கள் பட்ட நஷ்டத்தை அப்போது நீங்களும் படுவீர்கள். கணக்கைப் போய்ப் பாராமல் ஒருவரும் கூவலாகாது. கூவுவதை நம்பவும் ஆகாது.

இதற்கு நேர்மாறான கேடும் உண்டு. தவணை தவறிய கடன்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன என்று தணிக்கை அறிக்கை சொல்லியிருக்கும். அது பொதுப் பேரவையில் வாசிக்கப்பட்டிருக்கும். அனைவரும் கேட்டுக் கையெழுத்திட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒரு நாள் சங்கம் முடங்கும்போது, "எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே" என்பார்கள். சொல்லப்பட்டது, கேட்டவர்கள் எழும்பவில்லை. ரத்மலானையில் தரையில் நின்ற விமானங்களின் கதையே இது. கடன் வாங்கியவர் உறவினர், கேட்டால் மனஸ்தாபம் வரும் என்று டைரக்டர்கள் தயங்குவது எனக்குத் தெரியாததன்று. ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பவர், பெண்ணின் கலியாணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்துப் போட்ட ஏழை அங்கத்தினர்.

ஆகவே மூன்று யோசனைகளை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, சங்கத்து அலுவலகத்தில் ஒரு புஸ்தகம் வையுங்கள். பயிரில் நோய், மாட்டுக்கு வியாதி, சாலையில் சரிவு, எடையில் குறைவு, எதுவாயினும் கண்டவர் வந்து, நாள், நேரம், இடம், கண்டது ஆகிய நான்கையும் எழுதிக் கையெழுத்திடட்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, காரியதரிசி எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது, புஸ்தகத்தில் எழுதப்பட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதன்மேல் யார், என்றைக்கு, என்ன செய்தார் என்பதையும் எழுதவேண்டும். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் டைரக்டர்கள் பேரவையில் பதில் சொல்லட்டும். மூன்றாவது, சங்கத்தைப் பற்றி எந்தப் பேச்சுக் கேட்டாலும், அதைப் பிறரிடம் சொல்லுமுன் சங்கத்துக்கு வந்து கணக்கைக் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பதில் சொல்லத் தயங்கும் சங்கத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று கொள்ளலாம்.

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஒரு நோட்டுப் புஸ்தகத்தின் விலையும், கண்டதை மறைக்காத மனமும், கேட்டதைத் தள்ளிப் போடாத சுறுசுறுப்புமே தேவை. புஸ்தகத்தை அடுத்த வாரச் சந்தைக்குள் ஆரம்பிப்பதாகக் காரியதரிசி சம்மதித்திருக்கிறார். நான் அடுத்த தணிக்கைக்கு வரும்போது முதலிற் கேட்கப்போவது அந்தப் புஸ்தகத்தையே.